ஒயில் கேட்ச் கேன்: சொந்தமாகச் செய்வதா, வாங்குவதா, பூட்டாமலே விடுவதா?

இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினால் உள்ளே ஒயில். த்ரொட்டில் பொடியைத் துடைத்தால் துணி முழுக்கக் கறுப்பு. இதைப் பார்த்த பிறகுதான் அநேகமானோர் கேட்ச் கேன் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கம் லேத் கடைக்கும் வெல்டிங் கடைக்கும் குறைவில்லை; ஒரு பாஸிடம் சொன்னால் ஒரே நாளில் ஒன்றைச் செய்து பூட்டித் தருவார். ஆனால் பூட்ட வேண்டுமா, பூட்டினால் எதை என்பது வாகனத்துக்கு வாகனம் மாறும். தவறானதைப் பூட்டினால் ஒயில் சீல் போகும். டர்போ டீசலில் எஞ்சினே போகலாம்.

கேன் எதைப் பிடிக்கிறது?

சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங் கேஸுக்குள் இறங்கும். புது எஞ்சினிலும் இது உண்டு. அந்த வாயு நுண்ணிய ஒயில் துளிகளையும் நீராவியையும் எரியாத எரிபொருளையும் சுமந்துகொண்டு வெளியேற வழி தேடும். பெட்ரோல் எஞ்சினில் பி.சி.வி. வால்வு (கிராங் கேஸ் வாயுவை அளவாக வெளியே விடும் சிறு வால்வு) வழியாக அது இன்டேக் மெனிஃபோல்டுக்குப் போகிறது. டர்போ டீசலில் டெப்பட் கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் அதை டர்போவின் வாய்க்கு முன்னால் கொண்டுபோய் விடுகிறது. இந்த ஹோஸை இடையில் வெட்டிப் பூட்டும் டின்தான் கேட்ச் கேன். வாயு அதற்குள் வேகம் குறைந்து, குளிர்ந்து, வலையில் மோதி ஒயிலை விட்டுவிட்டு மறுபக்கம் போக வேண்டும். வாயு தடையில்லாமல் போவதும் ஒயில் தங்குவதும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள். நல்ல கேனையும் கெட்ட கேனையும் பிரிப்பது இவை இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான்.

எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, உங்கள் எஞ்சினுக்கு இது தேவையா. சாதாரண போர்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் வால்வின் முதுகில் தெளிக்கப்படுவதால் அழுக்கு கழுவப்படும். டிரெக்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ ஒன்றுமில்லை. ஒயில் படிந்து கரியாகும். டீசலில், எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வழியாக வரும் கரியும் இந்த ஒயிலும் சேர்ந்து மெனிஃபோல்டுக்குள் தார் போல இறுகிவிடும்.

இரண்டாவது, வாயு ஓட்டத்துக்குத் தடை. மூன்றாவது, ஒயிலை உண்மையில் பிரிக்கிறதா. நான்காவது, காற்று ஒழுக்கு. பெட்ரோல் எஞ்சின் ஐட்லிங்கில் மெனிஃபோல்ட் வெக்கியூம் 60 முதல் 70 கிலோபாஸ்கல் வரை இருக்கும். கேனில் ஊசித் துளை இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐந்தாவது, நம் ஊர் உப்புக் காற்று. கல்லடி, காத்தான்குடி, காரைதீவு எனக் கடலோரம் நிற்கும் வாகனங்களில் சாதாரண இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியாக, கேனை வடிப்பதற்கு மாதம் ஒருமுறை பொனட்டைத் திறக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்பது. இந்தப் பழக்கம் இல்லாதவருக்கு, கீழே வரும் நான்கு தெரிவுகளில் கேன் இல்லாத முதலாவதைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

கேனுக்குள் தண்ணீர் உறைந்து அடைபடும் என்று குளிர் நாட்டுக்காரர் எழுதும் பிரச்சினை நமக்கில்லை. அதை இங்கே தள்ளிவிடலாம்.

காசு செலவழிக்க முன் மூன்று சோதனைகள்

ஒயில் அளவு: டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேலே ஒயில் நின்றால் கிராங் அதை அடித்து நுரையாக்கும்; பிரீதரில் ஒயில் வருவதற்கு அதுவே போதும். முதலில் மேல் கோட்டுக்குக் கீழே இறக்குங்கள்.

எயார் கிளீனர்: அறுவடைக் காலத்தில் வயல்வெளிப் பாதைகளில் ஓடும் வேன், பிக்கப்களில் நெல்லுத் தூசு ஃபில்டரை அடைத்துவிடும். அடைத்தால் டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடும். அது பிரீதர் வழியாக ஒயிலையும் சேர்த்து இழுக்கும். ஃபில்டரை மாற்றியதும் பாதி ஒயில் நின்றுவிட்ட வாகனங்கள் உண்டு.

மூன்றாவதைப் பலர் செய்வதில்லை. டர்போவுக்கு முன்னால் இருக்கும் பைப்பையும் பின்னால் இருக்கும் பைப்பையும் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். முன்பக்கம் பிரீதர் சேரும் இடத்திலிருந்தே ஈரமாக இருந்தால் ஒயில் பிரீதரில் வருகிறது. கேட்ச் கேன் உதவும். முன்பக்கம் காய்ந்திருந்து பின்பக்கம் மட்டும் குளமாக இருந்தால் டர்போவின் சீல் ஒழுகுகிறது. அதற்கு எந்தக் கேனும் மருந்தில்லை. விரல் நுனியில் மெல்லிய படலம் ஒட்டுவது எந்த டர்போ டீசலிலும் வழமை. அதற்காகப் பதற வேண்டாம்.

கூடவே, ஐட்லிங்கில் ஒயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே துவாரத்தில் வையுங்கள். டீசலில் லேசாக ஆடலாம். துள்ளி விழுந்தால், டிப்ஸ்டிக் குழாயிலும் புகை அடித்தால், கொம்ப்ரஷன் பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்த எஞ்சினுக்குக் கேன் பூட்டுவது நோயை மறைப்பது. வாரம் ஒரு கேன் நிறையும், சம்ப்பில் ஒயில் குறையும், கவனிக்காவிட்டால் பெயரிங்கும் போகும்.

தெரிவு 1: கேன் இல்லாமல் பி.சி.வி. வால்வையும் ஹோஸ்களையும் மாற்றுவது

எக்ஸியோ, விட்ஸ், அல்டோ, வேகன் ஆர், எவ்ரி வேன் போன்ற போர்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் வாகனங்கள் எல்லாவற்றுக்கும் எங்கள் பதில் இதுதான். ரெய்ஸில் டர்போ இருந்தாலும் அதுவும் போர்ட் இன்ஜெக்ஷனே, அதனால் அவசரமில்லை.

வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கட கடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஒட்டிவிட்டது. எஞ்சின் ஓடும்போது வால்வின் வாயை விரலால் மூடினால் உறிஞ்சல் தெரிய வேண்டும். ஹோஸைப் பிதுக்கிப் பாருங்கள்: உள்ளே கொழகொழவென்று மெதுத்திருந்தால், நுனி வெடித்திருந்தால், மாற்றுங்கள். வேலை அரை மணித்தியாலம், பொருள் ஒரு வால்வும் ஓரடி ஹோஸும்.

மறைச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மலிவான போலி வால்வில் ஸ்பிரிங் வேறாக இருந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும்; அதனால் உங்கள் எஞ்சினுக்குரிய பாக இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

தெரிவு 2: உள்ளூரில் செய்விப்பது

நன்றாகச் செய்தால் டீசல் வேனுக்கும் பிக்கப்புக்கும் மிகப் பொருத்தமானது இது. காரணம் ஒன்றுதான்: பைப்பின் வாயை நமக்குத் தேவையான அளவுக்கு வைக்கலாம். மோசமாகச் செய்தால் நான்கு தெரிவிலும் ஆபத்தானதும் இதுவே.

எதில் செய்யக் கூடாது என்பதிலிருந்து தொடங்குவோம். மாவு டின்னின் தகடு மெல்லியது. பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சலில் அமுங்கும், மூட்டு துருப்பிடித்து ஒழுகும். பி.வி.சி. பைப் பொனட்டுக்குள் இருக்கும் சூட்டில் இளகும். கண்ணாடிப் போத்தல் உடையும். எயார் கொம்ப்ரசருக்குப் பூட்டும் நீர்ப்பிரிப்பானைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் அதன் கால் அங்குலத் துவாரம் டீசலின் வாயுவுக்குப் போதாது. உள்ளே இருக்கும் வெண்கல ஃபில்டர் ஒயிலில் அடைபடும். பிளாஸ்டிக் கிண்ணம் எரிபொருள் ஆவியில் வெடிப்பு விடும்.

எங்கள் தெரிவு 3 அங்குல எவர்சில்வர் குழாய், 6 அங்குல நீளம், சுவர் 1.5 மி.மீ. உள்ளே 600 மி.லீட்டருக்குச் சற்று மேல் இடம் கிடைக்கும். அலுமினியமும் நல்லது, ஆனால் ஆகன் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். அடியில் ஒரு மூடியை வெல்ட் பண்ணுங்கள். மேல் மூடியை நான்கு அல்லது ஆறு போல்ட்டும் ஒயில் தாங்கும் கஸ்கட்டும் வைத்துக் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள்; உள்ளே கழுவ முடியாத கேன் ஒரு வருடத்தில் அடைத்த கேன்.

உள்ளமைப்புதான் உயிர். உள்வரும் பைப் மூடியிலிருந்து கேனின் நடுவரை இறங்க வேண்டும். அதற்கும் கீழே கொண்டுபோகாதீர்கள்: தேங்கிய ஒயிலுக்குள் நுனி மூழ்கினால் வாயு குமிழியிட்டு, பிரிந்த ஒயிலையே திரும்பத் தூக்கும். அடியிலிருந்து 2 அங்குலத்தில் 5 மி.மீ. துளைகள் போட்ட தட்டு ஒன்று வேண்டும். குன்று குழியில் வாகனம் குலுங்கும்போது தேங்கிய ஒயில் மேலே தெறிக்காது. வெளியேறும் பைப் மூடியோடு சமமாக நிற்கட்டும். நடுவுக்கும் வெளியேறும் வாய்க்கும் இடையில், இரண்டு துளைத்தட்டுகளுக்குள், பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் சுருள் இரண்டைத் தளர்வாக வையுங்கள். இறுக்கி அடைத்தால் அது தக்கை. சாதாரண இரும்புப் பஞ்சு வேண்டவே வேண்டாம். அது துருப்பிடித்து உதிர்ந்து டர்போவின் இறக்கைக்கே போகும். பஞ்சும் பச்சைத் தேய்ப்பானும் சூட்டில் கரையும்.

பைப்பின் உள்விட்டம் கம்பனி ஹோஸின் உள்விட்டத்துக்குக் குறையக் கூடாது. வேர்னியர் வைத்து அளந்து லேத்தில் கடையச் சொல்லுங்கள்; நுனியில் ஹோஸ் நழுவாமல் ஒரு வரம்பும் வேண்டும். அடியில் கால் அங்குல வடிகால் வால்வு. அதன் கைபிடி அதிர்வில் தானாகத் திறக்கக்கூடும், கம்பி போட்டுக் கட்டுங்கள்.

வெல்டிங் முடிந்ததும் உள்ளே கசடைச் சுரண்டிக் கழுவுங்கள். பிறகு ஒரு வாயை அடைத்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, மற்ற வாயால் ஊதுங்கள். ஒரு குமிழியும் வரக் கூடாது. கொம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் விடாதீர்கள், மூடி பறந்து ஆளைக் காயப்படுத்தும்.

மறைச் செலவு ஹோஸில் இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயும் ரேடியேட்டர் ஹோஸும் ஒயிலில் ஊதி, மெதுத்து, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். ஒயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். அதன் விலை சில வேளை கேனின் விலையை எட்டும்.

தெரிவு 3: ஒன்லைனில் வரும் மலிவு அலுமினியக் கேன்

பார்க்க அழகு. பலவற்றைத் திறந்தால் உள்ளே வெறும் டின்: தட்டும் இல்லை, வலையும் இல்லை, இரண்டு துவாரமும் மேலே பக்கத்தில் பக்கத்தில். வாயு ஒரு வாயால் வந்து மறு வாயால் அப்படியே போய்விடும். மேலே சின்ன ஃபில்டர் வைத்து வருகிறவையும் உண்டு. அதை வைத்தபடியே மெனிஃபோல்டுக்கு இணைத்தால் அது திறந்த வெக்கியூம் ஒழுக்கு: ஐட்லிங் ஆடும், கலவை மெலியும், அதைக் காட்டும் பி0171 கோட் ஸ்கேனரில் விழும். ஃபில்டரை எடுத்துவிட்டு அந்த வாயை அடைக்க வேண்டும். ஒயில் மட்டம் காட்டும் ஒளிபுகும் குழாயும் காலப்போக்கில் மஞ்சளாகி வெடிக்கும். அந்த இரு துளைகளையும் அடைத்துவிடுவதே நல்லது.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒரு வகை வாகனத்துக்கு இது நல்ல அடித்தளம். வெசல் ஹைபிரிட், டர்போ சிவிக், ஒரு லீட்டர் டர்போ ஸ்விஃப்ட் போன்ற டிரெக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் வாகனங்களில் பி.சி.வி. ஹோஸ் மெல்லியது, வாயுவும் குறைவு, இந்தக் கேனின் துவாரம் போதும். வெல்டிங் வேலை மிச்சம். மேலே சொன்ன துளைத்தட்டும் எவர்சில்வர் சுருளும் நீங்களே உள்ளே வைத்தால், லேத்தில் புதிதாகச் செய்வதற்கான காரணமே இல்லை. பி.சி.வி. வால்வைக் கழற்றி எறியாதீர்கள். கேன் வால்வுக்கும் மெனிஃபோல்டுக்கும் இடையில் வர வேண்டும். டர்போ பெட்ரோலில் அக்சிலேட்டர் அமுக்கிய நேரம் வாயு டர்போ வாய்க்குப் போகும் மற்ற ஹோஸில் திரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு கேன் ஒரு வழியை மட்டுமே காக்கும்.

தெரிவு 4: ஃபில்டரும் பாதுகாப்பு வால்வும் உள்ள கம்பனிப் பிரிப்பான்

மான் ஹம்மல் ப்ரோவென்ட் 200 இந்த வகையில் பேர் பெற்றது. மாற்றக்கூடிய ஃபில்டர் உள்ளே உண்டு. அது அடைபட்டால் கிராங் கேஸ் அழுத்தத்தை வெளியே விடும் வால்வும் உண்டு. அந்த வால்வு ஒன்றுதான் சொந்தமாகச் செய்யும் எந்தக் கேனிலும் இல்லாதது. விலை அதிகம், உடம்பு பெரிது, ஃபில்டரைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். போலிகளும் சந்தையில் உண்டு.

செங்கலடியிலிருந்து ஏ5 வீதியில் மகாஓயா, பிபிலை தாண்டி, லுணுகலை, பசறை ஏற்றத்தில் ஆள் நிரப்பி வாராவாரம் ஹயர் ஓடும் கே.டி.எச். (டொயோட்டா ஹையேஸ் டீசல்) வேன் என்றால் இந்தச் செலவு நியாயம். நீண்ட ஏற்றத்தில் டர்போ முழு வேலை செய்யும்போதுதான் வாயு அதிகம் வரும். ஊருக்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும் வேனுக்கு வேண்டாம்.

ஒரே பார்வையில்

| | பி.சி.வி. மாற்றம் | உள்ளூர்க் கேன் | மலிவு அலுமினியக் கேன் | கம்பனிப் பிரிப்பான் |
|---|---|---|---|---|
| முதற்செலவு | மிகக் குறைவு | நடுத்தரம், ஹோஸோடு கூடும் | குறைவு | மிக அதிகம் |
| ஒயில் பிரிப்பு | இல்லை | செய்த விதத்தைப் பொறுத்தது | உள்ளே வேலை செய்தால் நன்று | மிக நன்று |
| அடைபட்டால் | கேள்வியில்லை | சீல் ஒழுகும் | சீல் ஒழுகும் | வால்வு திறக்கும் |
| கடற்கரைத் துரு | கேள்வியில்லை | எவர்சில்வர் என்றால் இல்லை | உடல் தாங்கும், போல்ட் துருப்பிடிக்கும் | உடல் பிளாஸ்டிக், கிளிப் துருப்பிடிக்கும் |
| பொருந்துவது | போர்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் | டீசல் வேன், பிக்கப் | டிரெக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் | ஏற்றத்தில் பாரம் இழுக்கும் டீசல் |

ஹோஸை வெளியே திறந்து விடலாமா?

சில கராஜ்களில் கேனின் வெளிவாயை மெனிஃபோல்டுக்கு இணைக்காமல் ஃபில்டர் வைத்துத் திறந்து விடுகிறார்கள். வேலை சுலபம்தான், நாங்கள் சம்மதிக்க மாட்டோம். புகை பொனட்டுக்குள் சுற்றி ஏசி வழியாக ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வரும். சூடான மெனிஃபோல்டுக்கு மேல் ஒயில் தெறித்தால் தீ ஆபத்து. பெட்ரோல் எஞ்சினில் மெனிஃபோல்ட் பக்கத்தைச் சரியாக அடைக்காவிட்டால் கலவை குழம்பும். அதோடு புகைப் பரிசோதனைக்குப் போனால் வருமான உத்தரவுப் பத்திரம் எடுப்பதும் சிக்கலாகும். மூடிய சுற்றே சரி.

பூட்டும் இடமும் முதல் ஆயிரம் கிலோமீட்டரும்

டர்போவிலிருந்தும் சைலன்சர் மெனிஃபோல்டிலிருந்தும் குறைந்தது ஒரு சாண் தள்ளி, காற்றுப் படும் இடத்தில், கேனை நிமிர்த்திப் பூட்டுங்கள். 3 மி.மீ. பட்டையில் பிராக்கெட், இடையில் ரப்பர் புஷ். பிராக்கெட்டை வாகன உடலில் இருக்கும் போல்ட் ஒன்றில் பிடியுங்கள். பிரேக் பைப்பில் முட்டக் கூடாது. எஞ்சின் அசையும், உடல் அசையாது. ஆகவே ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். உள்வரும் ஹோஸ் எஞ்சினிலிருந்து கேனை நோக்கிச் சரிந்து இறங்கட்டும். இடையில் தொங்கினால் ஒயில் அங்கேயே தேங்கி வழியை அடைக்கும்.

பூட்டியதும் பெட்ரோல் எஞ்சினில் ஐட்லிங்கில் டிப்ஸ்டிக்கை இழுத்து, குழாய் வாயில் மெல்லிய பொலித்தீன் துண்டை வையுங்கள். லேசாக உள்ளே இழுக்க வேண்டும். வெளியே தள்ளினால் எங்கோ அடைப்பு. அப்படியே ஓடினால் அடுத்து ஒழுகுவது கிராங்கின் பின் ஒயில் சீல், அதை மாற்ற கியர்பொக்ஸ் இறக்க வேண்டும்.

முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை, 1,000 கிலோமீட்டரில் ஒரு தடவை வடித்து, ஒரு பழைய மருந்துப் போத்தலில் ஊற்றி அளவைப் பாருங்கள். அதை வைத்து உங்கள் இடைவெளியை முடிவு செய்யுங்கள். கேன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைய விடாதீர்கள். டீசலில் இது கண்டிப்பு. நிறைந்த கேனிலிருந்து ஒயில் மொத்தமாக டர்போவுக்குள் போனால் எஞ்சின் அந்த ஒயிலையே எரித்துத் தானாக ரேஸ் ஏறும். சாவியை அணைத்தாலும் நிற்காது. மெனுவல் வாகனமென்றால் பிரேக்கை அமுக்கி மேல் கியரில் கிளச்சை விட்டு நிறுத்தப் பார்க்கலாம். ஓட்டோவில் காற்று வழியை அடைப்பதைத் தவிர வழியில்லை, அதைக் கையால் செய்யப் போகக் கூடாது.

வடிவது பால் கலந்த கோப்பி போல இருந்தால் உடனே ஹெட் கஸ்கட் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கல்லடியிலிருந்து டவுனுக்குப் போய் வருவது போன்ற குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச்சூடு ஏறாது, நீராவி ஒயிலோடு கலந்து இந்த நிறம் வரும்; மாரி மாதங்களில் இன்னும் கூடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். குறைந்தால்தான் கவலை.

வடித்ததைத் திரும்ப எஞ்சினுக்குள் ஊற்றாதீர்கள். அதில் தண்ணீரும் எரிபொருளும் அமிலமும் உண்டு. வாய்க்காலிலோ வாவிக்கரையிலோ கொட்டவும் வேண்டாம். ஒரு கேனில் சேர்த்து வைத்து, அடுத்த ஒயில் மாற்றத்தின்போது சேர்விஸ் நிலையத்தின் கழிவு ஒயில் பீப்பாயில் ஊற்றிவிடுங்கள்.